இலையைத் திருப்பிப் பாருங்கள்!

நீலகிரிக்குச் சென்றவர்கள் காட்டுப் பூவரசு மரத்தின் செக்கச் சிவந்த மலர்க்கொத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அது ரோடோடெண்ட்ரான் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இதே பேரினத்தின் இரண்டு சிறு புதர்ச்செடிகள் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் வளர்கின்றன.

இரண்டும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே இருக்கும். இரண்டிலும் இளஞ்சிவப்பு மலர்கள். பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்!

முதிர்ந்த இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் துருப்பிடித்த இரும்பைப் போல் இருக்கிறதா? அது ஃபெருஜினியம். நெருக்கமாகப் படர்ந்துள்ள நுண்ணிய செதில்களே அந்நிறத்துக்குக் காரணம். அடிப்புறம் பச்சையாகவும், விளிம்பில் நீண்ட மயிர்கள் வரிசையாகவும் இருந்தால், அது ஹிர்சூட்டம். 1753-இல் லின்னேயஸ் வெளியிட்ட இப்பெயர்களுக்கு முறையே 'துரு நிறமுடையது', 'மயிருடையது' என்றே பொருள்.

வேறுபாடு இலையோடு நிற்பதில்லை. ஃபெருஜினியம் அமில மண்ணில் வளர்வது. ஹிர்சூட்டம் சுண்ணாம்புப் பாறை நிலத்தை நாடுவது. இனம் தெரியாமல் ஃபெருஜினியத்தைச் சுண்ணாம்பு மண்ணில் நட்டால் என்ன ஆகும்? அம்மண்ணில் இரும்புச்சத்து எளிதில் கரையாது. வேர்கள் அதை உறிஞ்ச முடியாது. இலைகள் வெளிறி மஞ்சளாகும்; செடி நலியும். துருவின் பெயர் கொண்ட செடிக்கு இரும்புப் பஞ்சம்!

இருவகை மண்ணும் அடுத்தடுத்து அமைந்த இடங்களில் கலப்பினச் செடிகளும் தோன்றுகின்றன. அவற்றின் அடையாளங்கள் இடைப்பட்டவை. எனவே, மாணவர்களே, ஒரே அடையாளத்தை நம்பிப் பெயர் சூட்டிவிடாதீர்கள். மலைச்செடி ஒன்றைக் கண்டால், பறிக்காமலே அதன் பூ, இலையின் அடிப்புறம், விளிம்பு, நிற்கும் மண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.