கோடைக்கால டயரா, 'ஆல் சீசன்' டயரா? மிதமான தட்பவெப்பத்தில் கார் ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை

புது டெல்லி: காரின் பழைய டயர்களை மாற்றச் செல்வோர் பலருக்கும் எழும் ஐயம், வழக்கமான டயரே போதுமா அல்லது 'ஆல் சீசன்' எனப்படும் அனைத்துப் பருவ டயர் வேண்டுமா என்பதாகும். பெயரைக் கேட்டவுடன், வெயில், மழை, குளிர் ஆகிய மூன்றையும் அது ஒரே அளவில் தாங்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், அந்தப் பெயர் பனி பொழியும் நாடுகளில் உருவானது. அது முதன்மையாகக் குறிப்பது குளிரையும் பனியையும்தான். நம் நாட்டின் பருவமழையை அன்று. பெங்களூரு, புனே, கோவை, சென்னை போன்ற நகரங்களில் கார் ஓட்டுவோர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது, நனைந்த சாலையில் திடீரென பிரேக் பிடிக்க நேரும்போது உயிரைக் காக்கக் கூடியது.

7 டிகிரி என்னும் எல்லை

டயரின் ரப்பர், வெப்பநிலைக்கு ஏற்பத் தன் தன்மையை மாற்றிக் கொள்ளும் பொருள். குளிரில் அது இறுகும், வெப்பத்தில் இளகும். கோடைக்கால டயர்களின் ரப்பர் கலவை, சுடு சாலையிலும் இளகி விடாமல் உறுதியாக நிற்கும் வகையில் தயாரிக்கப்படுகிறது. ஆனால் வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே செல்லும்போது அது இறுகத் தொடங்கி, சாலையைப் பற்றும் திறனை இழக்கிறது.

குளிர்காலத்துக்கென்றே செய்யப்படும் டயர்களில் மென்மையான கலவை பயன்படுத்தப்படுகிறது. அவற்றின் மேற்பரப்பில், பனியைக் கவ்விப் பிடிப்பதற்காக எண்ணற்ற மெல்லிய வெட்டுகளும் இருக்கும். அனைத்துப் பருவ டயர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது கடுங்குளிரில் குளிர்கால டயரின் அளவுக்கும், கடும் வெயிலில் கோடைக்கால டயரின் அளவுக்கும் செயல்படாது. ஆண்டுக்கு இருமுறை டயர்களை மாற்றும் தொல்லை வேண்டாம் என்போருக்காக உருவான சமரசத் தீர்வு அது.

நம் நகரங்களின் நிலை என்ன?

பெங்களூருவில் ஜனவரி மாத அதிகாலையில்கூட வெப்பநிலை பொதுவாக 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். சென்னையில் அது 20 டிகிரிக்கும் மேல். புனேயில் குளிர்கால இரவுகள் சற்றுக் கூடுதலாகக் குளிர்ந்தாலும், பகல் பொழுது வெதுவெதுப்பாகி விடுகிறது. டெல்லியில் குளிர் அலை வீசும் நாள்களில் அதிகாலை வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரி வரை இறங்குவதுண்டு. ஆயினும், அத்தகைய நாள்கள் ஆண்டில் மிகச் சிலவே.

மறுபுறம், டெல்லி, நாக்பூர் போன்ற நகரங்களில் கோடையில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொடும்போது, தார்ச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுகிறது. இத்தகைய சாலையில் மென்மையான கலவை கொண்ட டயர் விரைவாகத் தேயும். அதன் மேற்பரப்பிலுள்ள ரப்பர்க் கட்டைகள் வளைந்து கொடுப்பதால், திருப்பங்களில் கார் சற்றே அலைபாயும். பிரேக் பிடித்தால் கார் நிற்பதற்குக் கூடுதல் தூரமும் தேவைப்படும். வராத பனிக்காக, தவறாமல் வரும் வெயிலில் பாதுகாப்பை விட்டுக் கொடுப்பதாகவே அது அமையும்.

பெயரை விடக் குறியீடே முக்கியம்

டயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் இருந்தால், அது சேற்றையும் பனியையும் குறிக்கும். எனினும், இது டயரின் மேற்பரப்பு வடிவமைப்பைக் கொண்டு தயாரிப்பாளரே இட்டுக் கொள்ளும் அடையாளம். பனிச் சாலையில் சோதித்துப் பார்த்ததற்கான சான்று அன்று. இந்தியாவில் விற்கப்படும் எஸ்யுவி வகைக் கார்களின் டயர்கள் பலவற்றிலும் இந்த எழுத்துகளைக் காணலாம்.

மூன்று சிகரங்களைக் கொண்ட மலையும், அதனுள் ஒரு பனித்துகளும் வரையப்பட்ட சின்னம் இதிலிருந்து வேறுபட்டது. பனியில் நடத்தப்படும் சோதனையில் தேறிய டயருக்கு மட்டுமே அது வழங்கப்படும். ஜெர்மனியில் குளிர்காலச் சாலை நிலைமைகளுக்கு 'எம்+எஸ்' எழுத்துகள் மட்டும் போதாது என்றும், இந்த மலைச் சின்னம் கட்டாயம் என்றும் உள்ள விதி, 2024 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பனிக்காகவே டயர் வாங்குவோர் பார்க்க வேண்டியது இந்தச் சின்னத்தையே.

யாருக்கு அனைத்துப் பருவ டயர் பொருந்தும்?

காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகிய பகுதிகளின் உயரமான ஊர்களில் வசிப்போருக்கும், குளிர்காலத்தில் அங்கு அடிக்கடி சென்று வருவோருக்கும் மலைச் சின்னம் கொண்ட டயர்கள் பயனுள்ளவை. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர், மணாலியைக் கடந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்திலும் சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். ஆனால், சாலையில் பனி உறைந்து கண்ணாடி போலாகி விட்டால், அனைத்துப் பருவ டயரும் வழுக்கவே செய்யும். அங்கு சக்கரங்களில் சங்கிலி பூட்டுவதும், உள்ளூர் ஓட்டுநரின் வாகனத்தில் செல்வதுமே பாதுகாப்பானவை. ஆண்டுக்கு ஒருமுறை மேற்கொள்ளும் பயணத்துக்காக நான்கு டயர்களையும் மாற்ற வேண்டிய தேவையில்லை.

உண்மையான சோதனை மழையில்தான்

சமவெளி நகரங்களில் டயரின் தரத்தைச் சோதிப்பது மழைநீரே. சாலையில் தேங்கிய நீரை டயரின் பள்ளங்கள் விரைந்து வெளியேற்ற வேண்டும். அவ்வாறு வெளியேற்ற இயலாத நிலையில், டயர் நீரின் மீது மிதக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. இதனை நீர்ச்சறுக்கல் என்பர்.

இதில் காற்றழுத்தத்துக்கும் பங்குண்டு. விமானச் சக்கரங்களை ஆய்வு செய்து நாசா ஆய்வாளர்கள் 1960-களில் வகுத்த சூத்திரத்தின்படி கணக்கிட்டால், ஆழமான நீரில் 33 பிஎஸ்ஐ அழுத்தம் உள்ள சக்கரம் மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். அழுத்தம் 25 பிஎஸ்ஐ ஆகக் குறைந்தால், 83 கிலோமீட்டர் வேகத்திலேயே அது நிகழும். கார் டயர்களுக்கு இது தோராயமான அளவே. எனினும், காற்றுக் குறைந்த டயரும் தேய்ந்த டயரும் மழையில் எத்தகைய ஆபத்தை விளைவிக்கும் என்பதை இது உணர்த்துகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அளவு: 185/65 ஆர்15 88எச் என்று டயரில் பொறிக்கப்பட்டிருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரத்தின் விழுக்காடு, 15 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 88 என்ற எண், ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதையும், 'எச்' என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை அது ஏற்றது என்பதையும் குறிக்கின்றன. கார் தயாரிப்பாளர் குறிப்பிட்ட எடை, வேகக் குறியீடுகளை விடக் குறைந்தவற்றைப் பொருத்தக் கூடாது.

ஈரப் பிடிமானம்: பல டயர்களில் 'டிராக்‌ஷன்' என்ற தலைப்பில் ஏஏ, ஏ, பி, சி என்னும் தரங்களுள் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். நனைந்த சாலையில் நேராக பிரேக் பிடிக்கும் திறனை அது காட்டுகிறது. 'டெம்பரேச்சர்' என்ற தலைப்பில் உள்ள ஏ, பி, சி தரங்கள் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறிப்பவை. அவற்றுள் ஏ உயர்ந்தது. நம் நாட்டுச் சாலைகளுக்கு இவ்விரு தரங்களும் 'ஆல் சீசன்' என்ற பெயரைக் காட்டிலும் பயனுள்ள தகவல்கள்.

தயாரிப்புத் தேதி: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றிருந்தால், அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தவிர்ப்பது நன்று.

இவை தவிர, ஈரப் பிடிமானம், உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, ஒலி ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் அறிவித்தது. ஆகவே, இந்தத் தர விதிகள் நடைமுறைக்கு வருவதற்கு முன் தயாரான பழைய இருப்பு டயர்கள் தள்ளுபடி விலையில் கிடைத்தாலும், ஒரு முறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

வாங்கிய பின்னரும் பொறுப்பு உண்டு

மோட்டார் வாகன விதிகளின்படி, கார் டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு ரப்பர் மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகி விட்டால், அந்த எல்லை வந்து விட்டது என்று பொருள். ஆனால், கனமழைக்கு அந்த ஆழம் போதாது. 3 மில்லிமீட்டர் அளவிலேயே மாற்றி விடுவது பாதுகாப்பானது.

இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவோர், புதியவற்றைப் பின் சக்கரங்களில் பொருத்துவதே முறையாகும். பின் சக்கரங்கள் பிடிமானத்தை இழந்தால் கார் சுழன்று விடும்; அதைச் சமாளிப்பது பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு இயலாது. ஒரே அச்சில் கோடைக்கால டயர் ஒன்றும் அனைத்துப் பருவ டயர் ஒன்றுமாகக் கலந்து பொருத்துவதை அறவே தவிர்க்க வேண்டும். மாதம் ஒருமுறை, கார் ஓடிச் சூடேறுவதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையின்படி காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதும், மாற்று டயரையும் அப்போதே சேர்த்துப் பார்ப்பதும், எந்த வகை டயரை வாங்கியவருக்கும் பொருந்தும் நடைமுறைகளாகும்.