கல்தூணும் பல்தூணும்

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? கொய்யாவைக் கடிக்கவும் கடலையை மெல்லவும் இயலாமல் உணவின் சுவையும் சத்தும் கூடவே போய்விடுகின்றன. இக்குறையைப் போக்க விஞ்ஞானம் தந்த கொடையே 'இம்பிளான்ட்'. தாடை எலும்பில் டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு திருகாணியைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துகிறார்கள். சுவீடன் நாட்டு விஞ்ஞானி பிரோனமார்க், முயலின் எலும்பில் பதித்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிட்டதை 1952-ஆம் ஆண்டு கண்டார். 1965-இல் மனிதரின் தாடையில் அதைப் பதித்தார்.

'உலோகப் பல்லுக்கு ஏது நோய்?' என்று பலர் எண்ணுகின்றனர். உலோகம் சொத்தையாகாது என்பது உண்மையே. ஆனால் நம் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பாருங்கள். பந்தலைத் தாங்கும் கல்தூணைக் கரையான் அரிப்பதில்லை. எனினும் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டால் தூண் சாய்ந்துவிடும் அல்லவா? இம்பிளான்டும் அத்தகையதே. தூண் கெடாது, அதைத் தாங்கும் ஈறும் எலும்பும் கெடும்.

இயற்கைப் பல்லின் வேரை ஈறோடும் எலும்போடும் நுண்ணிய நார்கள் இறுகப் பிணைத்துள்ளன. இம்பிளான்டைச் சுற்றி அத்தகைய பிணைப்பு இல்லை. ஆகவே பல்லில் படியும் கிருமிகள் எளிதில் உள்ளே இறங்குகின்றன. முதலில் ஈறு சிவந்து, துலக்கும்போது இரத்தம் கசியும். இந்நிலையில் நன்கு சுத்தம் செய்தால் குணமாகும். கவனியாது விட்டாலோ எலும்பு கரையத் தொடங்கும். பெரும்பாலும் வலி இராது. பல் ஆடும்போதுதான் தெரியவரும். கரைந்த எலும்பை முழுவதும் மீட்பது கடினம்.

இந்நோய்க்கும் உடல்நலத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவருக்கு வெள்ளணுக்களின் ஆற்றல் குறைகிறது. புண் ஆறத் தாமதமாகிறது. ஆகவே அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். புகைப்பவருக்கும் அவ்வாறே. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரில் சிலரது சுருக்குப்பையில் வெற்றிலையோடு புகையிலையும் இருக்கும். அது ஈறைக் கெடுப்பதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

இது இருவழிப் பாதை. இயற்கைப் பல்லின் ஈறு நோய் முற்றினால், அந்த அழற்சி இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. அதற்குச் சிகிச்சை செய்தால் சில மாதங்களில் இரத்தச் சர்க்கரை ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. செயற்கை இதய வால்வு உடையோருக்கு வாய்க் கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தில் தொற்றை உண்டாக்கவும் கூடும்.

ஆயினும் மிகைப்படுத்தலாகாது. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர், வாயின் அழுக்கே பல நோய்களுக்குக் காரணம் என்று முழங்கினார். அதன்பின் பல்லாண்டுகள், மூட்டுவலிக்குக்கூட எண்ணற்ற பற்களை வீணே பிடுங்கினார்கள்! ஈறு நோயுள்ளவருக்கு மாரடைப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் ஈறு நோயே அதற்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை.

தோழியரே! 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை உண்ணும் நம் தாத்தா பாட்டியிடம், 'துலக்கும்போது இரத்தம் வருகிறதா?' என்றும் கேட்போம். இம்பிளான்ட் வைக்கும் முன் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்வோம். வைத்தபின் நாள்தோறும் இருவேளை துலக்கவும், மருத்துவர் குறித்த நாளில் தவறாமல் சென்று காட்டவும் நினைவூட்டுவோம். அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் நட்ட தூண் அல்லவா? அடிமண்ணைக் காப்போம், தூண் நிலைக்கும்!