மேலிருந்து கீழே

நீர்க்கரை அந்நியர்கள் – 9

விக்டோரியா ஏரியை மூடிய ஆகாயத்தாமரையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கண்ணெதிரே மிதக்கும் எதிரி. இந்த வாரம் நாம் போகும் தெற்குக் கலிஃபோர்னியாவின் சான்டா அனா ஆற்றிலோ, எதிரியின் பலமெல்லாம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

சான் பெர்னார்டினோ மலையில் பிறந்து, ஹன்டிங்டன் பீச் அருகே பசிபிக் கடலில் சேரும் ஆறு இது. வழியில் பிராடோ அணை, 1941-இல் கட்டியது. அணையைத் தாண்டி வரும் நீரை ஆரஞ்சு கவுன்டியில் குளங்களில் தேக்கி நிலத்தடிக்கு இறக்குகிறார்கள். சுமார் 25 லட்சம் மக்களின் குடிநீருக்கு அந்த நிலத்தடிதான் பெரிய ஆதாரம். அங்கே ஆற்றில் குறையும் ஒவ்வொரு குடம் நீரும் கணக்கில் வரும்.

அந்த நீரைக் கரையோரம் நின்று குடித்தது அருண்டோ டோனாக்ஸ் என்ற ராட்சத நாணல். கிளாரினெட், சாக்ஸபோன் வாத்தியங்களின் சீவாளி இதன் தண்டில்தான் செய்யப்படுகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஸ்பானியக் குடியேறிகளோடு வந்து, 1820 வாக்கிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றங்கரையில் கூரை வேய வெட்டும் அளவுக்குப் பெருகியிருந்தது. பிறகு மண் அரிப்பைத் தடுக்க என்று வாய்க்கால் கரைகளில் மனிதர்களே நட்டார்கள்.

நல்ல ஈரம் கிடைத்தால் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் வரை வளரும்; எட்டு மீட்டரையும் தாண்டி நிற்கும். பச்சையாக இருக்கும்போதே தீப்பிடிக்கும். எரிந்த இடத்தில் வில்லோ மரம் துளிர்ப்பதற்குள் இது மறுபடி காடாகிவிடும். வெள்ளத்தில் பெயர்ந்த புதர்கள் பாலத் தூண்களில் சிக்கி ஆற்றை அடைக்கும்.

பறவைகளுக்கும் இதனால் பயனில்லை. பூச்சிகள் அண்டாத புல், கூடு தாங்கும் கிளைகள் இல்லாத தண்டு. 1986-இல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்த ‘லீஸ்ட் பெல்ஸ் விரியோ’ என்ற சாம்பல் நிறக் குருவி, வில்லோப் புதர்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் கூடு கட்டும். வில்லோ போனால் குருவியும் போகும்.

சரி, வெட்டி எறிந்தால் என்ன? அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் இந்த நாணல் முளைக்கும் விதையே தருவதில்லை. விரலளவு கிழங்குத் துண்டோ, கணுவுள்ள ஒரு தண்டுத் துண்டோ ஈரமணலில் ஒதுங்கினால் போதும், புதுப் புதர் எழும். புல்டோசர் விட்டுக் கிளறினால் ஒரு புதர் நூறாகும்.

அதனால் வேலை நிதானமாக நடக்கிறது. மற்ற மரங்களோடு கலந்து நிற்கும் இடத்தில் தண்டைத் தரையோடு வெட்டி, வெட்டுவாய் காய்வதற்குள், சில நிமிடங்களிலேயே, நீர்நிலை ஓரங்களில் அனுமதிக்கப்பட்ட கிளைஃபோசேட் களைக்கொல்லியைப் பூசுகிறார்கள். எந்தத் தூருக்குப் பூசியாயிற்று என்று தெரிய மருந்தில் சாயம் கலப்பதும் உண்டு. உகந்த பருவம் கோடையின் கடைசியும் இலையுதிர்காலமும். தண்டிலிருந்து கிழங்குக்குச் சத்து இறங்கும் காலம் அது. மருந்தும் கூடவே இறங்கும். விரியோ குஞ்சு பொரித்துக் கிளம்பியிருக்கும் நேரமும் அதுவே. அதன்பிறகும் தளிர் எட்டிப்பார்க்கும். ஐந்து ஆண்டுகளாவது திரும்பத் திரும்பப் போய்க் கவனிக்க வேண்டும்.

இத்தனையும் செய்து, மேலே ஒரு புதரை விட்டுவைத்தால்? அடுத்த வெள்ளம் அதைக் கீழே கொண்டுவந்து நட்டுவிடும். 1990களில் இங்கே இறங்கியவர்கள் புரிந்துகொண்ட அடிப்படைப் பாடம் இது. முதலில் துணையாறுகளின் தலைப்பு, பிறகு படிப்படியாகக் கீழ்நோக்கி. ஆனால், நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறக்குறைய 7,000 சதுர கிலோமீட்டர். சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு, ஆரஞ்சு எனப் பல கவுன்டிகள், எண்ணற்ற நில உடைமையாளர்கள். தண்ணீர் தேவைப்படுவது கீழே, நாணல் நிற்பது மேலே. ஆரஞ்சு கவுன்டி நீர் மாவட்டமும் மேல்பகுதியின் நிலவளப் பாதுகாப்பு மாவட்டங்களும் கைகோத்து, சான்டா அனா வாட்டர்ஷெட் அசோசியேஷன் என்ற அமைப்பாகச் செயல்பட்டதால்தான் அடுத்தவர் எல்லையில் நின்ற புதரும் பொதுப் பிரச்சினையானது.

பலன் தெரிகிறது. 1980களில் பிராடோ பகுதியில் இருபது இணைகூட இல்லாதிருந்த விரியோ, இன்று நூற்றுக்கணக்கில் கூடு கட்டுகிறது. நாணல் ஒழிப்பு மட்டுமே காரணமல்ல. விரியோவின் கூட்டில் முட்டையிட்டு ஏமாற்றும் கௌபேர்ட் பறவைகளைப் பிடித்து அகற்றியதும், வில்லோவை மீட்டதும் சேர்ந்தே கைகொடுத்தன.

ஆற்றைச் சுத்தம் செய்யக் கிளம்பும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, இந்த ஆண்டு எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்பதல்ல. நமக்கு மேலே யார் இருக்கிறார்கள், அவர்கள் நம்மோடு வருகிறார்களா, ஐந்தாம் ஆண்டு திரும்பி வர நம்மிடம் பணம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் அரிவாளைத் தூக்கினால், வேலை செய்வது நாமாக இருக்கும், வளர்வது நாணலாக இருக்கும்.

அடுத்த வாரம்: இதே நாணலை அடக்க, 2009-இல் டெக்சாஸின் ரியோ கிராண்டே கரையில் இறக்கிவிடப்பட்ட ஐரோப்பியக் குளவி.

(தொடரும்)