ஜேலம்: வாயில் குறுகிய நதி

மலையாறு என்றவுடன் பாறைகளில் மோதி நுரைத்தோடும் நீரையே நாம் கற்பனை செய்கிறோம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் ஜேலம் அப்படிப்பட்டதன்று. படகு வீடுகளைத் தாங்கி, வளைந்து வளைந்து, ஏறக்குறைய உறங்கியபடியே செல்லும் நதி அது. அதன் ஆபத்தும் அந்த உறக்கத்தில்தான் இருக்கிறது.

பீர் பஞ்சால் மலையடியில் வெரிநாக் என்னும் ஊற்றில் ஜேலம் பிறக்கிறது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1620-இல் எண்கோணத் தடாகமாக அமைத்த ஊற்று இது. விஷவ், ரம்பியாரா, லிடர் ஆகிய துணையாறுகள் செங்குத்தான சரிவுகளில் இறங்கிச் சில மணி நேரத்திலேயே இதில் வந்து சேர்கின்றன. தாய் நதியோ, பழங்காலத்தில் ஏரியாகக் கிடந்த சமதளத்தில் தவழ்கிறது. நாற்புறமும் மலை சூழ்ந்த அக்கிண்ணத்திலிருந்து வெளியேற பாரமுல்லா அருகேயுள்ள குறுகிய மலையிடுக்கு ஒன்றே வழி. முறை வரும்வரை வெள்ளம் எங்கேனும் காத்திருந்தாக வேண்டும். வூலர் ஏரியும் சதுப்பு நிலங்களுமே அதற்கென அமைந்த இடங்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில், அவந்திவர்மன் ஆட்சியில், சுய்யா என்பவர் இதை உணர்ந்திருந்தார். பாறைகள் அடைத்துக் கிடந்த அவ்விடத்தில் அவர் நாணயங்களை எறிந்தாராம். பஞ்சத்தில் வாடிய மக்கள் அவற்றைத் தேடிப் பாறைகளை அகற்ற, நீர் வடிந்ததாம். கல்ஹணரின் ராஜதரங்கிணி தரும் செய்தி இது. கதையில் மெய் எவ்வளவாயினும் ஆகுக. நோயின் இடத்தை அவர் சரியாகவே கண்டார். சோப்பூர் நகரம் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் வூலர் நடுவே ஜைனா லங்க் என்ற தீவை எழுப்பினார். புயலில் சிக்கும் படகோட்டிகளுக்கு அது புகலிடம் என்பர். ஏரி வண்டலால் சுருங்கிவிட்டதால், நடுவில் இருந்த தீவு இன்று கரையை ஒட்டிக் கிடக்கிறது. ஏரியின் இழப்பை அளக்க இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1903-இல் பெருவெள்ளம் ஸ்ரீநகரைச் சூழ்ந்தபின், பாதுஷாஹி பாக் அருகிலிருந்து நகரைச் சுற்றிச் செல்லும் வடிகால் வெட்டப்பட்டது. நல்ல ஏற்பாடே. ஆயினும் பிற்காலத்தில் வடிகாலை அடுத்த தாழ்நிலங்களிலேயே பெமினா போன்ற குடியிருப்புகள் எழுந்தன. 2014 செப்டம்பர் முதல் வாரத்தில் மழை விடாது பெய்தது. 7-ஆம் நாள் ஸ்ரீநகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது, மருத்துவமனைகளும் தப்பவில்லை. மாநிலம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை ஓய்ந்த பின்னும் தாழ்ந்த பகுதிகளில் நீர் பல நாள் வடியாமல் நின்றது.