ஃபோர்வீல் மின்சாரக் காரும் எழுபது கொண்டை ஊசி வளைவும்

மலைமேல் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர் சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மின்சாரக் கார் வாங்கலாம் என்று இருக்கிறோம். இப்போதே வாங்கிவிடலாமா, ஃபோர்வீல் வண்டி வரும் என்கிறார்களே, அதுவரை பொறுக்கலாமா?" என்பதே கேள்வி. கேட்பவர்கள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. இருபது லட்சம், முப்பது லட்சம் என்பது மளிகைக் கடைக்காரருக்கு இரண்டு மூன்று தீபாவளிச் சரக்குக்கான முதல். அதை ஒரு வண்டியில் போட்டு முடக்குவதற்கு முன்பு நாலு பேரிடம் விசாரிப்பது நியாயம்தான். ஆகவே நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில், இந்தக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2022 ஆகஸ்ட் 15 அன்று மஹிந்திரா நிறுவனம் இங்கிலாந்தில் ஐந்து மின்சார வண்டிகளின் மாதிரிகளைக் காட்டியது. இங்க்ளோ என்ற அடித்தளத்தில் இவை வரும் என்றும், பின்சக்கர இழுவை வண்டிக்கு 170 முதல் 210 கிலோவாட் வரையிலும், நான்கு சக்கர இழுவை வண்டிக்கு 250 முதல் 290 கிலோவாட் வரையிலும் சக்தி இருக்கும் என்றும் அன்றே அறிவித்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மலைக்காரர்கள் பலர் ஆசைப்பட்டார்கள். 2024 நவம்பர் 26 அன்று அந்த வரிசையில் பிஇ 6, எக்ஸ்இவி 9இ என்ற இரண்டு வண்டிகளை வெளியிட்டார்கள். நல்ல வண்டிகள், 286 குதிரைத் திறன் வரை கிடைக்கிறது. ஆனால் இரண்டும் பின்சக்கர இழுவைதான். 2025 நவம்பரில் ஏழு பேர் உட்காரும் எக்ஸ்இவி 9எஸ் வந்தது. அதுவும் அப்படியே.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அல்ல. ஹூண்டாய் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டி 2023 ஜனவரியில் விற்பனைக்கு விட்ட ஐயானிக் 5 வண்டிக்கு வெளிநாடுகளில் நான்கு சக்கர இழுவை உண்டு, நமக்குப் பின்சக்கர இழுவை மட்டுமே. மாருதி குஜராத்தில் தயாரித்து 2025 ஆகஸ்டிலிருந்து நூறு நாடுகளுக்கு அனுப்பும் இ-விட்டாராவும் அப்படித்தான். ஐரோப்பாக்காரருக்கு இரண்டு மோட்டார், இங்கே அறிமுகம் செய்தபோது முன்சக்கர மோட்டார் ஒன்று மட்டும். நம் நாட்டில் செய்யும் பொருளில் நல்ல தரத்தைக் கப்பல் ஏற்றிவிட்டு இரண்டாம் தரத்தை உள்ளூர்ச் சந்தைக்கு விடுவது மிளகு வியாபாரத்தில் நாம் பார்க்காததா? கம்பெனிகளின் கணக்கு வேறாக இருக்கலாம். விலை ஏறினால் இங்கே வாங்குவார்களா என்ற பயமே பெரிய காரணம்.

அந்தப் பயத்தை முதலில் உடைத்தது டாடா. 2025 ஜூன் 3 அன்று வந்த ஹாரியர் மின்சார வண்டியில் 75 யூனிட் பேட்டரி, முன்னால் 158 குதிரைத் திறனுள்ள ஒரு மோட்டார், பின்னால் 238 குதிரைத் திறனுள்ள ஒரு மோட்டார். வெளியிட்டபோது இதன் விலை 28 லட்சத்து 99 ஆயிரம். இதே தரத்தில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி 27 லட்சத்து 49 ஆயிரம். அடுத்து 2025 செப்டம்பரில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனம் வி.எஃப். 7 என்ற வண்டியை வெளியிட்டது. அதன் உயர்ந்த ரகத்தில் இரண்டு மோட்டார், 350 குதிரைத் திறன், விலை சுமார் 25 லட்சம். இதைப் பூட்டுவது வேறு எங்கும் அல்ல, நம் தூத்துக்குடியில்.

ஆகக் காத்திருந்த பொருள் கடைக்கு வந்துவிட்டது. வாங்கும் அளவுக்கு அது நமக்குப் பயன்படுமா என்பதுதான் இனிமேல் கேள்வி.

பழைய ஜீப்பில் ஃபோர்வீல் என்றால் ஒரு லீவரை இழுத்துப் போடுவோம். எஞ்சினின் சக்தி ஒரு தண்டு வழியாக முன்சக்கரத்துக்கும் போகும். மின்சார வண்டியில் அந்தத் தண்டு கிடையாது. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், நடுவில் வெறும் கம்பிதான். எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று கருவி பார்த்து, கண் இமைப்பதற்குள் மற்றதற்குச் சக்தியை மாற்றுகிறது. லீவர் ஞாபகம், கிளட்ச் ஞாபகம் எதுவும் வேண்டாம்.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வழியாகச் செம்மேடு வரும் தார்ச் சாலைக்கு இது அவசியமா? எங்கள் அபிப்பிராயம், அவசியம் இல்லை. எழுபது வளைவிலும் குட்டி யானைகளும் அரசுப் பேருந்துகளும் பின்சக்கர இழுவையோடுதான் ஏறி இறங்குகின்றன. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்கிறது, ஆகவே பின்சக்கரம் தரையை நன்றாகப் பிடிக்கும். முன்சக்கர இழுவைக் கார்தான் ஏற்றத்தில், அதுவும் பின்னால் நாலு மூட்டை போட்டு, மழை ஈரத்தில் வளைவில் நிறுத்தி எடுக்கும்போது வழுக்கிச் சுழலும். எனவே மலைக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது "ஃபோர்வீலா?" என்பதல்ல, "ஒரே மோட்டார் என்றால் அது முன்னாலா பின்னாலா?" என்பதே. விளம்பரத்தாளில் இதைச் சின்ன எழுத்தில்தான் போடுகிறார்கள்.

தார் முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் விஷயம் மாறிவிடுகிறது. அரியூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு என்று உள்ளே போனால், கடைசி ஒன்று இரண்டு கிலோமீட்டர் செம்மண் தடமாக இருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. ஐப்பசி மழையில் அந்தத் தடத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், மற்றொன்று காற்றில் சுற்றும். முட்டுக்கல் போட்டு நாலு பேர் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கடையும் வீடும் உள்ளவருக்கு இரண்டாவது மோட்டார் உண்மையாகவே உதவும். ஆனால் அவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வண்டிகள் சாலைக்கான டயரோடு வருகின்றன, எடையோ இரண்டு டன்னுக்கு மேல். வழுவழுப்பான டயர் சேற்றில் இறங்கினால் எத்தனை மோட்டார் இருந்தும் பயன் குறைவு.

வேகத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஹாரியர் 6.3 வினாடியிலும், வி.எஃப். 7 அதைவிடக் குறைந்த நேரத்திலும் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்கிறார்கள். எட்டட்டும். பத்தாம் வளைவுக்கும் பதினோராம் வளைவுக்கும் இடையில் அதற்கு இடம் இல்லை. நிற்கும் இடத்திலிருந்தே முழு இழுவை கிடைப்பது மின்சார மோட்டாரின் இயல்பு, அது சாதாரண ரகத்திலும் உண்டு. உயரம் போகப் போக எஞ்சின் மூச்சு வாங்குவதுபோல மோட்டார் வாங்குவதும் இல்லை. மலையில் ஓடித் தேய்ந்த பழைய டீசல் ஜீப்களுக்கு இந்த 350 குதிரைத் திறனில் நான்கில் ஒரு பங்குகூட இருந்ததில்லை.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் எங்களுக்குக் கவலை. இறக்கத்தில் இரண்டு மோட்டார் இருப்பதால் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு, கடைசியில் நிறுத்துவது டயரின் பிடிப்பு. மின்சார வண்டிக்கு உள்ள நன்மை வேறு. இறங்கும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரியில் சேர்க்கிறது. பிரேக் கட்டை காய்ந்து வாசனை வருவது குறையும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் சேர்க்க இடம் இல்லை, மோட்டாரின் பிடிப்பும் குறைந்துவிடும். ஆகவே செம்மேட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதம் நிரப்பி, காலையில் நேராக இறங்குவது சரியல்ல. எண்பது சதவீதத்தோடு இறங்க வேண்டும். அடிவாரம் சேரும்போது பேட்டரி இறங்குவதற்குப் பதில் ஏறியிருக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தோம். அடிவாரத்துக்கும் மேலுக்கும் உயரம் சுமார் 1000 மீட்டர். ஆட்களோடு இரண்டரை டன் உள்ள கார் அந்த உயரம் ஏறச் சுத்தக் கணக்கில் சுமார் 7 யூனிட் வேண்டும். டயர் உராய்வு, மோட்டார் சேதாரம் எல்லாம் சேர்த்து அதற்கும் மேல் போகும். இறக்கத்தில் ஒரு பகுதி திரும்பும். 75 யூனிட் பேட்டரிக்கு இது பெரிதல்ல.

இனி, பணம். ஹாரியரில் இரண்டாவது மோட்டாருக்காகக் கூடுதலாகத் தரும் ஒன்றரை லட்சத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 15 ஆயிரம், மாதம் 1250 ரூபாய். மழைக்காலத்தில் மூன்று மாதம் சேற்றில் போகிறவருக்கு அது தாங்கும். தார்ச் சாலையிலேயே இருப்பவர் அந்தப் பணத்தில் இரண்டு தடவை நல்ல டயர் மாற்றலாம்.

வரியிலும் ஒன்று உண்டு. மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், 2025 செப்டம்பர் 22 மாற்றத்திலும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் ஓட்டுநரோடு பதின்மூன்று பேருக்கு மேற்படாத பயணிகள் வண்டிக்குக் கட்டிய வரியை நம்மைப் போன்ற வியாபாரிகள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது, கடைப் பேரிலேயே வாங்கினாலும் சரி. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு இரண்டுமே கிடையாது. "கடைச் செலவில் போட்டுவிடலாம்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் உங்கள் கணக்கரைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

சரக்கு வண்டி என்றதும் எங்கள் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறோம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் மேலே வருகின்றன, மிளகும் வாழையும் அன்னாசியும் மரவள்ளிக் கிழங்கும் கீழே போகின்றன. அறுவடைக் காலத்தில் ஏறும் பாரத்தைவிட இறங்கும் பாரம் அதிகம். மின்சார வண்டிக்கு இதைவிடத் தோதான தொழில் இல்லை, பாரம் கூடக் கூட இறக்கத்தில் திரும்பும் சக்தியும் கூடும். டாடா ஏஸ் மின்சார வண்டி 2022ல் வந்தது, ஒரு டன் ஏற்றும் ரகம் 2024ல் வந்தது. பேட்டரி 21.3 யூனிட். சரக்கோடு இரண்டு டன் என்று வைத்தால் மலை ஏறவே சுத்தக் கணக்கில் ஐந்தரை யூனிட், அதாவது பேட்டரியில் கால் பங்கு போய்விடும். விளம்பரத்தில் சொல்லும் 161 கிலோமீட்டரை நம்பிக் கிளம்ப முடியாது. இந்த வகையில் முன்னாலும் பின்னாலும் மோட்டார் போட்டு, பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாக்கி யாரும் விற்கவில்லை. முப்பது லட்சம் ரூபாய்க் காருக்குக் கொடுத்த இரண்டாவது மோட்டாரைப் பத்து லட்சம் ரூபாய்ச் சரக்கு வண்டிக்குக் கொடுத்தால், கொல்லிமலையில் மட்டுமல்ல, ஏற்காட்டிலும் கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் வாங்க ஆள் இருக்கிறது. நம் சங்கம் இதைக் கம்பெனிகளுக்குக் கடிதமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கார் வாங்க முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேலத்திலோ நாமக்கல்லிலோ ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டியைக் காரவள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்து பேர் ஏறி, பின்னால் இரண்டு அரிசி மூட்டையும் போட்டு, முடிந்தால் மழை பெய்த மறுநாள் செம்மேடு வரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். காரவள்ளியில், செம்மேட்டில், திரும்பக் காரவள்ளியில் என மூன்று இடத்திலும் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று எண்களையும் வண்டியின் ரகத்தையும் நம் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால் வரும் இதழ்களில் பட்டியலாகப் போடுகிறோம்.