பதில் எந்தக் கேள்விக்கு?

வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டத்தில் கைபேசி டேட்டாவில் பைதான் படிக்கும் பிள்ளைக்கு, நிரலாளர் குழு மடல்கள் ஏன் குழம்பிக் கிடக்கின்றன? ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாளக் குறி உண்டு. பதில் மடல், தான் எதற்குப் பதிலோ அதன் குறியையும் சுமந்து வரும். சில செயலிகள் தலைப்பை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கிவிடும். தண்டர்பேர்ட், மட் போன்ற மடல் செயலிகள் குறியைப் பிடித்துக் கிளைகிளையாக அடுக்கும்.

யூஸ்நெட் எனும் இணைய விவாதக் குழுக்களுக்கென 1986இல் வெளியான என்என்டிபி நெறிமுறை டேட்டாவையும் மிச்சப்படுத்தும். முதலில் தலைப்புகளை மட்டும் இறக்கலாம். நீங்கள் திறக்கும் மடல் மட்டுமே முழுதாக வரும். கணினியில் ஓடும் தண்டர்பேர்ட் இந்தக் குழுக்களையும் வாசிப்பதால் என் தெரிவு அதுதான்.

மடலில் நிரலை அனுப்பும்போது அலங்காரமில்லாத வெறும் எழுத்தாகவே அனுப்புங்கள். வரியின் முன்னால் விட்ட நான்கு இடைவெளிகள் வழியில் தொலைந்தால், பைதான் நிரல் ஓடாது.