மரத்துக்கும் காயமில்லை, பாலுக்கும் குறைவில்லை

ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஒலிவாங்கியோடு நின்று உறவினர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த சித்தி தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சைகை காட்டினார். குனிந்து பார்த்தேன். வெள்ளை ஜிப்பாவின் காலரில் ரத்தப் பொட்டுகள். காலையில் செய்த சவரத்தின் பரிசு!

வானொலியில் பேசுகிறவனுக்கு முகம் எதற்கு என்று நண்பர்கள் கிண்டல் செய்வதுண்டு. இன்று ஒலிபரப்புக் கூடத்துக்குள்ளும் கேமரா வந்துவிட்டது. வார இறுதி என்றால் மேடை. எனக்கோ சுருட்டை முடி, சட்டென்று சிவக்கும் தோல். ஐந்து பிளேடுகள் அடுக்கிய ரேசரைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினேன். கழுத்தெல்லாம் பருக்கள் போன்ற புடைப்புகள். சில கறுத்துத் தழும்பாகவும் நின்றுவிட்டன.

தோல் மருத்துவர் காரணத்தை விளக்கினார். முதல் பிளேடு முடியைச் சற்றே வெளியே இழுக்க, பின்னால் வரும் பிளேடு அதைத் தோலின் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது. நேரான முடி மறுபடியும் வெளியே வந்துவிடும். சுருட்டை முடி வளைந்து தோலுக்குள்ளேயே வளர்கிறது. அதுதான் புடைப்பு. "ஒரே பிளேடு ரேசருக்கு மாறிப் பாருங்கள்" என்றார்.

மாறினேன். ஆனால் கனமாக, பளபளப்பாக இருக்கிறதே என்று படத்தைப் பார்த்து ஒன்றை வாங்கினேன். அது கைதேர்ந்தவர்களுக்கான கடுமையான ரேசர் என்பது அந்தக் கல்யாண மேடையில்தான் புரிந்தது.

தாத்தாவின் தகரப் பெட்டி

கதையைக் கேட்ட அப்பா, அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே தாத்தாவின் ரேசர். மூன்று துண்டாகக் கழலும் ஜில்லெட் டெக். 1930களின் இறுதியில் வந்து, பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்த வகை. கழுவி, புது பிளேடு போட்டு, பயந்துகொண்டே சவரம் செய்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"உங்க தாத்தா மரம் வெட்டுற மாதிரியே சவரமும் பண்ணுவாரு" என்றார் அப்பா. தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு.

அப்பா சொன்னதில் பெரிய பாடம் இருந்தது. ரப்பர் மரத்தின் பால் குழாய்கள், பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. உளி மேலோட்டமாகப் போனால் மங்கு நிறையாது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலோ, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய வளர்படலம் வெட்டுப்படும். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மறுபடி அங்கே வெட்ட முடியாது. மரத்துக்குக் காயம் படாமல் பாலை இறக்குபவர்தான் நல்ல வெட்டுக்காரர்.

நம் பேராக்கில், கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. மரத்தைக் கொத்தாமல், பட்டையை மெல்லிய சீவலாகச் சீவும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி உருவாக்கினார். அதே பத்தாண்டில், 1895இல், அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்குத் தூக்கி எறியும் பிளேடு யோசனை பிறந்தது. 1903இல் ரேசர் விற்பனைக்கு வந்தது. 1904இல் காப்புரிமை கிடைத்தது.

மிதம் வேறு, மழுங்கல் வேறு

'மிதமான ரேசர்' என்றால் சரியாக வெட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். கூர்மை பிளேடில் இருக்கிறது. அந்தக் கூர் தோலை எவ்வளவு நெருங்கலாம் என்பதை முடிவு செய்வது ரேசரின் தலை.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, பிளேடுக்கும் கீழுள்ள தடுப்பு விளிம்புக்கும் இடையிலான இடைவெளி. இரண்டு, பிளேடின் கூர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. இவை கூடக் கூட ரேசர் கடுமையாகும். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: பிளேடை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கிறதா என்பது. ஆடும் பிளேடு முடியைப் பிடுங்கும். கூர் குறைவாக நீட்டி, பிளேடு அசையாமல் நின்றால், அதுவே தோலையும் காப்பாற்றி வேலையையும் முடிக்கும் ரேசர்.

புதிதாகத் தொடங்குவோர் மெர்க்கூர் 34சி, மூலே ஆர்89, எட்வின் ஜாகர் டிஇ89 ஆகியவற்றில் ஒன்றைத் தைரியமாக எடுக்கலாம். முதல் இரண்டும் ஜெர்மனி, மூன்றாவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. மிகவும் மென்மையான தோலுக்குக் கனடாவின் ஹென்சன் ஏஎல்13 பொருந்தும். எது ஒத்துவரும் என்று தெரியாதவர்களுக்கு ராக்வெல் 6எஸ். தகடுகளைப் புரட்டி மாற்றி 1 முதல் 6 வரை கடுமையைக் கூட்டிக் குறைக்கலாம். நான் 34சியில் நின்றுவிட்டேன்.

பிளேடையும் மாற்றிப் பாருங்கள். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது. கை பழகிய பிறகு போடலாம். ரேசருக்கு ஒருமுறைதான் செலவு. அதன் பிறகு நான் வாங்கும் பிளேடு ஒன்றுக்கு ஒரு வெள்ளிகூட ஆவதில்லை. நான்கைந்து சவரத்துக்கு வருகிறது.

அழுத்தாதீர்கள்

குளித்த உடனே, முடி ஊறியிருக்கும்போது சவரம் செய்வது நல்லது. சோப்பு நுரையைப் பிரஷால் தேயுங்கள். ரேசரைத் தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் பிடியுங்கள். பால்மரத்தின் வெட்டுக் கோடும் ஏறக்குறைய இதே சாய்வுதான். தற்செயல் என்றாலும் எனக்கு மறக்காமல் இருக்க உதவுகிறது. ரேசரின் எடையே போதும், அழுத்த வேண்டாம். முடி வளரும் திசையிலேயே இழுங்கள். புடைப்பு வருகிறவர்கள் கழுத்தில் எதிர்த்திசையில் இழுக்கவே கூடாது. வழவழப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் நீரிழிவு உள்ளவர்களோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களோ இருந்தால், பிளேடைவிட மின்சார ஷேவர் பாதுகாப்பானது. புடைப்பில் சீழ் வைத்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். குப்பை அள்ளுபவரின் கைக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் காலி மைலோ டின்னின் மூடியில் மெல்லிய கீறல் போட்டு, உண்டியல் போல உள்ளே தள்ளிவிடுகிறோம்.

புது ரேசருக்கு மாறி ஓராண்டாகிறது. கழுத்தில் புதுப் புடைப்புகள் இல்லை. பழைய தழும்புகளும் மங்கி வருகின்றன. பதினேழு வயதாகும் அக்காள் மகனுக்கும் என்னைப் போலவே சுருட்டை முடி. சென்ற தீபாவளிக்கு முதல் சவரம் செய்ய வேண்டும் என்று வந்து நின்றான். என் ரேசரைப் போலவே ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஆனால் தாத்தாவின் ரேசரைத்தான் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, இது எனக்குத்தானே?" என்றான். இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.